அம்பாஸடரும் சிட்டியும் அண்ணன் தம்பி!

முதலில் ஒரு சின்னப் போட்டி. பரிசெல்லாம் கிடையாது. சரியாகச் சொன்னால் உங்கள் காசில் நீங்களே ஒரு டீ குடித்துக்கொள்ளலாம்!

கார் நம்பர் ஒன்று: சிலிண்டரின் குறுக்களவு 73.025 மி.மீ. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரம் 88.9 மி.மீ. நாலு சிலிண்டர். மொத்தம் 1,489 சி.சி.

கார் நம்பர் இரண்டு: குறுக்களவு 73 மி.மீ. பிஸ்டன் போய்வருகிற தூரம் 89.4 மி.மீ. இதுவும் நாலு சிலிண்டர்தான். மொத்தம் 1,497 சி.சி.

"என்ன சார், ரெண்டும் ஒரே கம்பெனி வண்டியா?" என்றுதானே கேட்கிறீர்கள்? அதுதான் இல்லை! முதலாவது, மந்திரிகளையும் மாப்பிள்ளை அழைப்பையும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிய நம்ம பழைய பெட்ரோல் அம்பாஸடர். இரண்டாவது, 2008-ல் இங்கே வந்து இறங்கிய ஹோண்டா சிட்டி ஐ-விடெக்!

உருவத்தில் யானையும் மானும். ஆனால் வயிற்றுக்குள் இருக்கிற அளவு, அண்ணன் தம்பி சட்டை மாதிரி அப்படியே பொருந்துகிறது. அண்ணன் 4,200 சுற்றில் ஐம்பது சொச்சம் குதிரைசக்தி கொடுப்பார். அதற்கு மேல் மிதித்தால், 'வயசானவனை ஏம்ப்பா படுத்தறே?' என்று முனகுவார். தம்பியோ 6,600 சுற்றில் 118 குதிரைசக்தி கொடுத்துவிட்டு, 'அப்புறம்?' என்று கேட்பார்.

இந்தக் கணக்கை நான் கிளறக் காரணம், டீக்கடைகளில் ரொம்ப நாளாக நடக்கிற ஒரு சண்டை. போரைவிட ஸ்ட்ரோக் நீளமாக இருந்தால் அது 'லாங் ஸ்ட்ரோக்' இன்ஜின். "லாங் ஸ்ட்ரோக்குன்னா நல்லா இழுக்கும் மச்சி... ஆனா மிதிச்சா உடைஞ்சிடும்" என்று ஒரு கட்சி. "போடா, அம்பாஸடரைப் பாரு. புல்லட்டைப் பாரு. லாங் ஸ்ட்ரோக்குக்கு சாவே கிடையாது!" என்று எதிர்க்கட்சி. திருவொற்றியூரில் பிறந்த புல்லட் 350-ன் அளவு 70-க்கு 90. அதுவும் நீள ஸ்ட்ரோக்தான்.

இரண்டு கட்சிக்கும் பாதி பாதி மார்க் போடலாம். மீதிப் பாதிதான் காசு சம்பந்தப்பட்டது.

மூணு லட்சமும் ஒரு கிராங்க்கும்

கோட்டூர்புரத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு பையன். இருபத்தாறு வயது. ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் உத்தியோகம். அப்பா ஆசையாக வாங்கிய 2010 மாடல் சிட்டி இப்போது இவன் கையில். மூணு லட்ச ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கா? நீங்க வேற... இன்ஜினைப் பிரித்து 'ஸ்ட்ரோக்கர் கிராங்க்' போடுவதற்கு! வெளியூர் ஷெட் ஒன்றில், "89.4-ஐ 95 ஆக்கிடறோம் பாஸ். ஏழாயிரத்து ஐந்நூறு வரைக்கும் அடிச்சுத் தூக்கலாம்" என்று ஆசை காட்டியிருக்கிறார்கள்.

ஜி.பி. ரோடில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபது வருஷம் கணக்கு எழுதியவன் நான். பிஸ்டனும் ரிங்கும் பில் போட்ட கையாச்சே, கொஞ்சமாவது விஷயம் ஒட்டியிருக்கும் என்று நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

"அங்கிள், ரோட்ல ஓட்டற வண்டிக்கு லாங் ஸ்ட்ரோக் தாங்குமா?"

"உன் வண்டியே லாங் ஸ்ட்ரோக்தானேப்பா! இப்பத் தாங்கலையா?"

திருதிருவென்று விழித்தான். பானட்டைத் தூக்கி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான், அளவைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதே சிட்டியில்தான் அவன் அப்பா வாரத்தில் இரண்டு நாள் அடையாறுக்கு ஃபிசியோதெரபி போகிறார். முட்டி ஆபரேஷன் ஆன மனிதர். ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. ரேஸ் இன்ஜினைச் சில ரேஸ்களுக்கு ஒரு தடவை பிரித்துப் போட்டு பேரிங் பார்ப்பார்கள், ரிங் மாற்றுவார்கள். அது தாங்குவது என்றால், கொடி விழுகிற வரை தாங்குவது. வீட்டுக் கார் தாங்குவது என்றால், திங்கட்கிழமை காலை சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆவது. மறு திங்கள் ஆவது. பத்து வருஷம் கழித்தும் ஆவது.

கம்பியைப் பிடித்த கை

பிஸ்டனை ஒரு டவுன் பஸ் பயணியாக நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஒரே வேகத்தில் போகிறவரை பிரச்னை இல்லை. டிரைவர் திடீர் பிரேக் போடும்போதுதான் கம்பியைப் பிடித்த கை தோள்பட்டையோடு பிய்ந்துகொண்டு போகப் பார்க்கும். அந்தக் கைதான் கனெக்டிங் ராடு.

அம்பாஸடர் 4,200 சுற்றில் சுற்றும்போது அதன் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.4 மீட்டர். அதாவது மணிக்கு 45 கிலோ மீட்டர். சிட்டி 6,600 சுற்றில் இருக்கும்போது நொடிக்கு 19.7 மீட்டர், மணிக்கு 71 கிலோ மீட்டர். இது என்ன பிரமாதம் என்பீர்கள். அந்த 71-ல் போகிற பிஸ்டன் ஒரு நொடிக்கு 220 தடவை முழுசாக நின்று திரும்புகிறது! பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்து முந்நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால், மேல்முனையில் அதைப் பிடித்து நிறுத்தித் திருப்பக் கனெக்டிங் ராடுக்கு எண்ணூறு கிலோ அளவுக்கு இழுவிசை தேவைப்படும். ஒரு மாருதி 800 காரையே கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டது மாதிரி!

பலபேர் நினைப்பது, பெட்ரோல் வெடித்து அழுத்துவதில்தான் ராடு உடைகிறது என்று. வேகமாகச் சுற்றும் இன்ஜினில் பெரும்பாலும் அப்படி இல்லை. புகையைத் தள்ளிவிட்டு மேலே வந்த பிஸ்டனைத் திரும்பக் கீழே இழுக்கிற அந்தக் கணத்தில்தான் ராடு போல்ட் பிய்த்துக்கொள்ளும்.

இனிமேல்தான் விஷயமே. ஸ்ட்ரோக்கைப் பத்து சதவிகிதம் கூட்டினால் இந்த இழுவிசையும் ஏறக்குறைய பத்து சதவிகிதம்தான் கூடும். சுற்றை இரண்டு மடங்காக்கினால் இழுவிசை நாலு மடங்கு! எதிர் வீட்டுப் பையனுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 89.4-ஐ 95 ஆக்கினால் இழுவிசை சுமார் 6 சதவிகிதம் ஏறும். 6,600-ஐ 7,500 ஆக்கினால் 29 சதவிகிதம் ஏறும். இரண்டையும் சேர்த்தால் கூடுதல் 37 சதவிகிதம்.

ஆக, ராடைக் கொல்வது ஸ்ட்ரோக்கின் நீளத்தைவிட, மீட்டரில் ஊசி போகிற இடம்தான்.

இங்கிலாந்துப் பெரியப்பா மகன்

அம்பாஸடரின் 1,489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனிச் சரக்கு. 'பி சீரிஸ்' என்று பெயர். அதே குடும்பத்தில் எம்.ஜி. என்ற ஸ்போர்ட்ஸ் காரும் உண்டு. 1958-ல் அவர்களுக்கு ஓர் ஆசை வந்தது. அதே 88.9 மி.மீ. ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு, போரைப் பெரிசாக்கி 1,588 சி.சி. ஆக்கி, தலையில் இரண்டு கேம் ஷாஃப்ட் மாட்டி 'எம்.ஜி.ஏ. ட்வின் கேம்' என்று விட்டார்கள். 6,700 சுற்றில் 108 குதிரைசக்தி. பிஸ்டன் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர். நம்ம சிட்டியின் அதே வேகம், ஐம்பது வருஷம் முன்னாலேயே!

என்ன ஆச்சு? பிஸ்டன் பிஸ்டனாக உருகி ஓட்டை விழுந்தது. கம்ப்ரெஷன் ரொம்ப அதிகம், இக்னிஷன் டைமிங் நூலிழை பிசகினாலும் ஆபத்து, சில சுற்றுகளில் கார்புரேட்டர் அதிர்ந்து பெட்ரோல் கலவை நீர்த்துப்போனது என்று காரணங்களை அடுக்கினார்கள். கம்ப்ரெஷனைக் குறைத்துப் பார்த்தார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. 2,111 கார்களோடு 1960-ல் கடையைக் கட்டினார்கள்.

அதே ஸ்ட்ரோக் உள்ள நம்ம அம்பாஸடர் மட்டும் எப்படிக் காலம் தள்ளியது? ஆசைப்படாமல் இருந்ததால்! 4,200-க்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கியதே ஒரு பாதுகாப்பு. கிராங்க்கைத் தாங்க வெறும் மூன்று மெயின் பேரிங். அந்த வேகத்துக்கு அது போதும். எம்.ஜி.பி. என்ற அடுத்த ஸ்போர்ட்ஸ் கார் 1962-ல் இதே ஸ்ட்ரோக்கோடு, 1,798 சி.சி. ஆகி வந்தது. 1964-ல் அதன் பேரிங்கை மூன்றிலிருந்து ஐந்தாக்கினார்கள். கிராங்க் வளையாமல் நேராக நிற்க வேண்டுமே!

சிட்டியில் பிறக்கும்போதே ஐந்து பேரிங். எடை குறைந்த பிஸ்டன். 'நாக்' அடித்தால் உடனே கண்டுபிடித்து டைமிங்கைப் பின்வாங்கும் சென்ஸார். பெட்ரோலைச் சொட்டுக் கணக்கில் அளந்து ஊற்றும் கம்ப்யூட்டர். ட்வின் கேமைக் கொன்ற வியாதிகளுக்கெல்லாம் இங்கே தடுப்பூசி போட்டாச்சு. அதனால்தான் அண்ணனின் உடம்பளவை வைத்துக்கொண்டே தம்பி இத்தனை ஓட்டம் ஓடுகிறார்.

கம்பெனிகள் இன்று மறுபடியும் நீள ஸ்ட்ரோக்கைத்தான் தேடிப் போகின்றன. 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டின் மூன்று சிலிண்டர் இன்ஜின் அளவு 74-க்கு 92.8! குறுகலான சிலிண்டரில் வெப்பம் குறைவாக வீணாகும், மைலேஜ் கிடைக்கும் என்ற கணக்கு.

2.8 மி.மீ. படுத்தும் பாடு

"அப்ப கம்பெனியே செய்யுதுன்னா நான் செஞ்சா என்ன அங்கிள்?" என்று மடக்கினான் பையன். நியாயமான கேள்வி. பதில் சொல்ல, கோட்டூரில் சின்னதாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் அழைத்துப் போனேன். லேத்தும் கிரைண்டிங்கும் பார்த்தே தலை நரைத்த மனிதர்.

"தம்பி, ஸ்ட்ரோக்கை 5.6 ஏத்தினா பிஸ்டன் மேல எவ்ளோ ஏறும்?"

"பாதி... 2.8."

"அந்த 2.8 பிளாக்குக்கு மேல எட்டிப் பாக்கும். ஹெட்ல போய் இடிக்கும். அப்ப என்ன பண்ணணும்? ராடைக் குட்டையாக்கணும். இல்லேன்னா பிஸ்டன்ல பின்னை மேல தூக்கணும்."

ராடைக் குட்டையாக்கினால் அது சாய்கிற கோணம் கூடும். பிஸ்டன் சிலிண்டர் சுவரில் சாய்ந்து தேய்க்கும். வட்டமாக இருக்கிற போர், நாளாக ஆக முட்டையாகிவிடும். பின்னை மேலே தூக்கினால் ரிங்குகளுக்கு இடம் நெருக்கடி. ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். கிராங்க்கைப் பெரிய வட்டத்தில் சுற்றவிட்டால் அதன் எடைக்கட்டை பிஸ்டன் பாவாடையில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, கிராங்க் பின் வெளியே தள்ளிப் போகப் போக, அதுவும் மெயின் ஜர்னலும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும் கனம் குறையும். கிராங்க் ஒடிகிற இடமே அதுதான்.

"வெல்டு வெச்சு கிரைண்டிங் போட்ட கிராங்க்கை ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாம, பேலன்ஸ் பாக்காம மாட்டறாங்க தம்பி. புதுசுல பாட்டு மாதிரி ஓடும். அப்புறம் ஒரு நாள் நடு ரோட்ல நின்னுடும்" என்றார்.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டால் 1,497 சி.சி. சுமார் 1,590 சி.சி. ஆகும். கூடுதல் ஆறே சதவிகிதம்! ஆபீஸில் இன்க்ரிமென்ட் இந்த அளவுக்கு வந்தால் நாம் சங்கத்துக்கு மனு கொடுத்துவிடுவோம்.

ஹோண்டாவே இதைச் செய்த கதை ஒன்று உண்டு. எஸ்2000 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் 2 லிட்டர் இன்ஜின் 9,000 சுற்றுப் பக்கம் வரை அலறும். 2004-ல் அமெரிக்கக் கார்களுக்கு அதன் ஸ்ட்ரோக்கை 84-லிருந்து 90.7 மி.மீ. ஆக்கினார்கள். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? சிவப்புக் கோட்டை 8,000 சுற்றுப் பக்கம் கீழே இறக்கினார்கள்! உச்ச குதிரைசக்தி அதே 240. கீழ்ச் சுற்றில் இழுவை மட்டும் கூடியது. ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் ஊசியை இறக்கு. அந்த இன்ஜினை உருவாக்கியவர்களே அப்படித்தான் செய்தார்கள். நம்ம ஷெட்காரர் இரண்டையும் சேர்த்து ஏற்றித் தருகிறேன் என்கிறார்!

ஆர்.சி.யில் ஒரு வரி

இன்னொரு கண்ணிவெடியும் இருக்கிறது. ஆர்.சி.யில் சி.சி. என்று ஒரு வரி உண்டு. ஸ்ட்ரோக்கை மாற்றினால் அந்த வரி பொய்யாகிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். விபத்து என்று வந்து இன்ஷூரன்ஸ் கேட்டு நிற்கும்போது, சர்வேயர் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் 95 மி.மீ. உங்களுக்கே எதிர்சாட்சி சொல்லும்.

சரி, அந்த 7,500 சுற்றை எங்கே ஓட்டுவது? சென்னையில் 2023 கடைசியில் அறிவித்த வேக வரம்பு, கார்களுக்கு 60 கிலோ மீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. காந்தி மண்டபம் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த 30 கிடைத்தாலே குலதெய்வத்துக்குக் கற்பூரம் ஏற்றலாம்!

நம்ம ஊரில் இன்ஜினைக் கொல்வது எப்படி?

நம் தெருக்களில் இன்ஜின் சாவது ஏழாயிரத்தில் இல்லை. பெரும்பாலும் ஆயிரத்து இருநூறில்!

நீள ஸ்ட்ரோக் இன்ஜின் கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும் என்பதால் நாம் கியரைக் குறைக்கச் சோம்பல்படுகிறோம். கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது நாலாவது கியரிலேயே முழுசாக மிதிக்கிறோம். ஆயில் பிரஷர் குறைவாக இருக்கிற நேரத்தில் பேரிங் மேல் முழுச் சுமை விழுகிறது. 'டக் டக்' என்று நாக் அடிக்கிறது. இதைத் தினம் செய்தால் எந்த பேரிங் தாங்கும்? டர்போ வண்டிகளில் 'ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூ' என்று ரீமேப் செய்து கீழ்ச் சுற்றில் டார்க்கை ஏற்றுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அடுத்தது வெயில். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும் வண்டிக்குக் காற்று கிடையாது. ரேடியேட்டரும் ஃபேனும்தான் உயிர்.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கி எங்கள் கோட்டூர்புரத்துக்குள் வந்தது. ஹவுஸிங் போர்டு வீடுகளில் கீழ்த்தளம் மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் ஆசை ஆசையாகச் சாவியைத் திருகியவர்களைப் பார்த்தேன். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியுமா? ஏறி வந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீரில் முட்ட, நடுவில் மாட்டிய ராடு வளைந்துவிடும். லேசாக வளைந்த ராடு அன்றைக்கே உடையாது; மாசக்கணக்கில் ஓடிவிட்டுப் பிறகு கழுத்தறுக்கும். தண்ணீரில் நின்ற வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டு போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு அப்புறம் பாருங்கள்.

மூணு லட்சம் என்ன ஆச்சு?

மெக்கானிக் அண்ணன் போட்டுக் கொடுத்த பட்டியலைக் கேளுங்கள். முதலில் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் சோதனை. இன்ஜின் மவுன்ட் புதுசு. கம்பெனி சொன்ன கிரேடில் ஆயில், ஐயாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை மாற்றவும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உறுமவிடாமல், முதல் சில கிலோ மீட்டர் மெதுவாகப் போகவும். அப்புறம் நல்ல டயர் நாலு, பிரேக் பேடு, ஷாக் அப்ஸார்பர்.

"இழுக்கறதைவிட நிக்கறது முக்கியம் தம்பி. நின்னா வீட்டுக்குப் போலாம்."

எல்லாம் செய்தும் பையனுக்கு மூணு லட்சத்தில் பெரும்பகுதி மிச்சம். "அப்ப ஒரு தடவைகூட ஏழாயிரம் பாக்க முடியாதா அங்கிள்?" என்று ஏக்கமாகக் கேட்டான். ஏன் முடியாது? இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கிறதே! சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலேயே நம் ஊர் ஆசைக்காரர்களுக்குத் தனி இடம் இருந்தது. ஹெல்மெட் மாட்டி, ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்க, எதிரே தண்ணீர் லாரி வராத இடத்தில் ஆசை தீர மிதிக்கட்டும். அந்த டிராக்குக்கென்றே செய்த ரேஸ் காரில் ஒரு பயிற்சி வகுப்பு சேர்ந்தால், உடைந்தாலும் அது அப்பா போகிற வண்டி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு எதிர் ஃபிளாட் சிட்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கிறது. ஒரே கிராங்க்கில். முன் சீட்டில் அப்பா, பின் சீட்டில் அவருடைய கைத்தடி.

நீங்களும் நீள ஸ்ட்ரோக் வண்டிதான் வைத்திருக்கிறீர்களா? சந்தேகமே வேண்டாம், நல்ல வண்டி. அது கீழ்ச் சுற்றில் இழுப்பதற்காகப் பிறந்தது. இழுக்க விடுங்கள், அலற விடாதீர்கள். பாலம் ஏறும்போது மட்டும் ஒரு கியரைக் குறையுங்கள் சார்... கைக்கு அது என்ன பெரிய வேலையா?